சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்துவது யார்?

கைபேசி மூலம் மோட்டாரை இயக்கும் கருவிக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. வாங்கப் போகும்போது விலை, உத்தரவாதம் எல்லாம் கேட்பீர்கள். இதையும் கேளுங்கள்: ‘மோட்டாரை நிறுத்து’ என்று முடிவெடுப்பது வயலில் உள்ள பெட்டியா, எங்கோ இருக்கும் கணினியா?

சில கருவிகளில், சென்சார் எடுத்த ஈரப்பத அளவு டவர் வழியாகத் தொலைதூரக் கணினிக்குப் போய், உத்தரவு திரும்பி வரும். இதுதான் ‘கிளவுட்’. காற்று மழையில் டவர் படுத்துவிட்டால் உத்தரவு வராது. கிணறு வற்றிய பிறகும் மோட்டார் ஓடினால் காயில் எரியும். ரீவைண்டிங் செலவு உங்களுடையது.

இதற்கு மாற்றாக வந்தவைதான் ‘எட்ஜ்’, ‘ஃபாக்’. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். மேகம் தரைக்கு இறங்கினால் மூடுபனி. மேலே நடக்கும் கணக்கை வயலுக்குப் பக்கத்தில் இறக்குவதால் ‘ஃபாக்’ என்று பெயர். வயல் பெட்டியே முடிவெடுத்தால் எட்ஜ். கொட்டகையில் ஒரு சிறு கணினி வைத்துப் பல பெட்டிகளை இயக்கினால் ஃபாக்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ‘ஃபார்ம்பீட்ஸ்’ ஆய்வில் இந்த வழியே கையாளப்பட்டது. அமெரிக்கப் பண்ணைகளில் இணைய வேகம் போதாததால், டிரோன் படங்களைப் பண்ணைக் கணினியிலேயே அலசி, சுருக்கத்தை மட்டும் கிளவுடுக்கு அனுப்பினர்.

அதற்காக எல்லாவற்றையும் வயலில் வைக்க முடியாது. வானிலைக் கணிப்பு, இலைப் படத்தை வைத்து நோய் அறிவது போன்றவை பெரிய கணினியின் வேலை; ஒரு மணி நேரம் தாமதமானாலும் பயிர் கெடாது. ஆனால் ஒரு ஃபேஸ் போவது, மின்னழுத்தம் குறைவது, நீரின்றி மோட்டார் ஓடுவது ஆகியவற்றை ஸ்டார்ட்டர் பெட்டியே உடனே கவனித்தாக வேண்டும். இடையில் இருப்பது, எந்த வால்வை எப்போது திறப்பது என்பது. இரண்டே வால்வு உள்ளவருக்குத் தனிக் கணினி வீண்செலவு. நேரம் குறித்து ஓடும் பெட்டி போதும். பத்துப் பன்னிரண்டு வால்வு இருந்தால் கொட்டகைக் கணினி கட்டுப்படியாகும். சென்சாரையும் அதையும் இணைக்க 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ‘லோரா’ கருவி உண்டு. அந்த இணைப்புக்கு உரிமமும் சிம் கார்டும் தேவையில்லை. மின்தடையில் கணினி ஓட பேட்டரி வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. 10 நிமிடம் நேரம் குறித்து மோட்டாரைப் போட்டதும், சிக்னலைத் துண்டிக்கச் சொல்லுங்கள். (மின் பெட்டியில் நீங்கள் கை வைக்க வேண்டாம், விற்பவரே செய்யட்டும்.) குறித்த நேரத்தில் மோட்டார் தானாக நிற்க வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் எந்த வசதி நின்றுபோகும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

செயல்விளக்கம் நடத்தும் வேளாண் அலுவலர்களே, அதற்கு டவர் சரியாகக் கிடைக்காத வயலாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.