கட்டு யார் கையில்?

பனியை நான் நேரில் பார்த்ததில்லை. ஏனாத்தூரில் மார்ச் பிறந்தாலே மதிய வகுப்பில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கச் சண்டை நடக்கும். இந்த ஊரில் பி.காம் படித்துக்கொண்டு பனிச்சறுக்குப் பலகையைப் பற்றி எழுதுவது கொஞ்சம் ஓவர் என்று பக்கத்து பெஞ்ச் நண்பன் சொல்லிவிட்டான். ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் பலகையில் இருக்கும் நாலைந்து துளைகளில் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வணிகப் பாடம் இருக்கிறது.

முதலில் பலகை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஸ்னோபோர்டு என்பது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பலகை. நடுவில் மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டிச் செய்த பகுதி. பெரும்பாலும் பாப்லர் போன்ற எடை குறைந்த மரம். அதன் மேலும் கீழும் கண்ணாடி இழை. அடியில் பனியில் வழுக்கிப் போகும் பாலிஎத்திலீன் தகடு. ஓரம் முழுக்க மெல்லிய எஃகு விளிம்பு. இறுகிய பனியில் திரும்பும்போது கத்தி மாதிரி பிடிப்பது அதுதான். பலகைக்குள் மரை போட்ட எஃகுக் குழல்களைப் புதைத்திருப்பார்கள். அவற்றில் 6 மில்லிமீட்டர் போல்ட் போட்டு பைண்டிங்கை முடுக்க வேண்டும். பைண்டிங் என்பது பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் கட்டு.

இதில் இறங்குவது ஜாலி. ஏறுவதுதான் பெரும்பாடு. ரோப் கார் இல்லாத மலையில் பலகையை முதுகில் சுமந்துகொண்டு, கால் புதையப் புதைய நடக்க வேண்டும். அதற்குக் கிடைத்த விடைதான் ஸ்பிளிட்போர்டு. பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். ஏறும்போது காலுக்கு ஒரு பாதி. அடியில் 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். அதன் மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே சறுக்காது. பைண்டிங் விரல் பக்கம் மட்டும் மாட்டியிருக்கும், குதிகாலைத் தூக்கித் தூக்கி நடக்கலாம். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துவிட்டு, இரண்டு பாதிகளையும் கொக்கி போட்டுச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பாதியிலும் 'பக்' என்ற சிறு வில்லைகள் திருகியிருக்கும். பைண்டிங்கைக் குறுக்காக வைத்து அவற்றின் மேல் தள்ளினால், அதுவே இரண்டு பாதிகளையும் பிடிக்கும் தாழ்ப்பாள் ஆகிவிடுகிறது. பிளந்த பலகை மறுபடி ஒன்றாகிவிடும்.

இதை யூட்யூபில் முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கட்டுமரம்தான் ஞாபகம் வந்தது. 2019 வரை கோவளமும் மாமல்லபுரமும் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. அந்தக் கரையில் கட்டுமரம் என்பது எடை குறைந்த சில மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. கடலுக்குப் போய் வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும். மறுபடி போகும்போது மறுபடி கட்டுவார்கள். பிரிப்பதும் சேர்ப்பதும் அந்த வடிவமைப்பின் பாதி. பேரிலேயே கட்டு முதலில் வருகிறது, மரம் அப்புறம்தான்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பொருளின் கட்டு யார் கையில் இருக்கிறதோ, அந்தப் பொருளும் அவர் கையில்தான் இருக்கிறது. கட்டுமரத்தின் கட்டு மீனவரின் கையில் இருந்தது. ஒரு மரம் கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். கயிறு அறுந்தால் வேறு கயிறு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் வேகமாகப் பெருகின. அவற்றை நான் குறை சொல்லவில்லை, வேகமும் எட்டும் தூரமும் கூடின. ஆனால் எஞ்சினுக்கு உதிரிபாகம் வேண்டுமென்றால் மீனவர் கடைவாசலில் நிற்க வேண்டும்.

ஸ்னோபோர்டின் கதையும் ஒரு கட்டில்தான் தொடங்குகிறது. 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர், மகள்கள் விளையாடுவதற்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தார். அதுதான் 'ஸ்னர்ஃபர்'. பிரன்ஸ்விக் நிறுவனம் உரிமம் வாங்கி லட்சக்கணக்கில் விற்றது. அதில் காலுக்குக் கட்டே கிடையாது. சும்மா ஏறி நின்று, முனையில் இருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து வந்தவர் ஜேக் பர்ட்டன். பொருளாதாரம் படித்தவர், கிட்டத்தட்ட நம்ம ஆள்! 1977-ல் வெர்மான்ட் மாநிலத்தில் பலகை செய்யத் தொடங்கினார், காலுக்குக் கட்டு வைத்தார். 1979-ல் ஸ்னர்ஃபர் போட்டிக்குத் தன் பலகையோடு போனபோது, இது ஸ்னர்ஃபரே இல்லை என்று ஆட்சேபம் எழுந்தது. கடைசியில் அவருக்காகவே ஒரு தனிப் பிரிவு வைத்தார்கள். 1998-ல் ஸ்னோபோர்டு நாகானோ ஒலிம்பிக்குக்கே போய்விட்டது.

ஆனால் நிறுவனம் வளர்ந்ததும் கட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. மற்ற பெரும்பாலான பலகைகளில் 4 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு துளை. பர்ட்டன் பலகையிலோ நெடுங்காலம் முக்கோணமாக மூன்று துளை. பிறகு துளைகளுக்குப் பதிலாக 'சேனல்' என்ற நீண்ட பள்ளம். 2017-ல் 'ஸ்டெப் ஆன்' வந்தது. வார் கட்ட வேண்டாம், மிதித்தால் பூட்ஸ் பூட்டிக்கொள்ளும். வசதிதான், ஆனால் அதற்கென்றே செய்த பூட்ஸ் வேண்டும். ஒன்றை மாற்ற நினைப்பவர் மற்றதையும் மாற்ற வேண்டியிருக்கும். இப்படி வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக ஆகும் செலவைக் கூட்டுவது பழைய வியாபாரத் தந்திரம்.

ஸ்பிளிட்போர்டு வந்த வழி வேறு. 1990களின் தொடக்கத்தில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த பிரெட் கோபர்னிக் என்ற இளைஞர் தன் பலகையை ரம்பத்தால் அறுத்துப் பார்த்து, அந்த யோசனையோடு வொய்லே என்ற சிறு நிறுவனத்திடம் போனார். 1994-ல் அவர்கள் விற்கத் தொடங்கியது முழுப் பலகை அல்ல, உபகரணத் தொகுப்பு. வில்லை, கொக்கி, திருகு எல்லாம் ஒரு பெட்டியில். வீட்டில் இருக்கும் பழைய பலகையை நீங்களே அறுத்து, நீங்களே மாட்டிக்கொள்ளலாம்.

இதனால் என்ன ஆனது? அந்த வில்லையே பொது அளவு போல ஆகிவிட்டது. 2006-ல் மொன்டானா மாநிலத்தில் தொடங்கிய ஸ்பார்க் என்ற நிறுவனம் அதே வில்லைகளில் உட்காரும் பைண்டிங்குகளைச் செய்தது. அதற்கு முன் சாதாரண பைண்டிங்கை ஒரு தகட்டின் மேல் திருகி, அந்தத் தகட்டை வில்லையில் தள்ளுவார்கள். ஸ்பார்க் பைண்டிங்கின் அடிப்பாகத்தையே தகடாக்கியது. எடையும் உயரமும் குறைந்தன. பலகை ஒருவரிடம், பைண்டிங் இன்னொருவரிடம் என்று வாங்க முடிந்தது. கட்டு திறந்திருந்ததால் சின்ன ஆளும் சந்தைக்குள் நுழைய முடிந்தது.

எதிர்த் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் செய்தால் பொருத்தம் கச்சிதமாக இருக்கும். கரகோரம் என்றே பெயர் வைத்துக்கொண்ட அமெரிக்க நிறுவனம் ஒன்று, வில்லைக்குப் பதில் தன் சொந்தப் பூட்டு அமைப்பைச் செய்கிறது. அது இரண்டு பாதிகளையும் இழுத்து இறுக்குவதால் பலகை ஆடாது. பனிச்சரிவு அபாயம் உள்ள மலையில் கட்டு நழுவினால் உயிருக்கே ஆபத்து. அதனால் தனி அமைப்பு எல்லாமே மோசடி என்று நான் சொல்லமாட்டேன். யார் வேண்டுமானாலும் நுழையும் பொது வழி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இதெல்லாம் நமக்கு எதற்கு? கரகோரம் மலைத்தொடரின் ஒரு பகுதி லடாக்கில் இருக்கிறது. பக்கத்திலேயே காஷ்மீரின் குல்மார்க். அங்கே ரோப் காரின் முதல் கட்டம் 1998-லும், அபர்வத் மலைவரை போகும் இரண்டாம் கட்டம் 2005-லும் திறந்தன. 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. 2020-லிருந்து கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளும் அங்கே நடக்கின்றன. அதே பள்ளத்தாக்கில் வில்லோ மரத்தில் கிரிக்கெட் மட்டை செய்யும் தச்சர்கள் இருக்கிறார்கள். புல்வாமா மாவட்டத்தின் உக்கூ கிராமம் பென்சிலுக்கான மரச்சட்டங்களை நாடு முழுதும் அனுப்புகிறது. அது என்ன மரம் தெரியுமா? பாப்லர்!

பென்சிலுக்கு அறுப்பதும் பலகைக்கு அறுப்பதும் ஒன்றல்ல. பிசின், அச்சு இயந்திரம், எஃகு விளிம்பு எல்லாம் வேண்டும். முதலீடும் வேண்டும். ஆனால் பைண்டிங்கையும் சேர்த்து ஒரேயடியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நான்கு துளை அளவும் வில்லை அளவும் தெரிந்தவைதான். பலகையை மட்டும் இங்கே செய்தால் போதும், அந்த அளவுக்குச் செய்த பைண்டிங்கை உலகத்தில் எந்தக் கடையில் வாங்கினாலும் அதில் உட்காரும். விளையாட்டுக்கு மானியம் கொடுக்கும்போது, வெளிநாட்டுப் பலகை வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல் இப்படி ஒரு பட்டறைக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம் என்பது என் வாதம். 'கேட்டமரான்' என்று நம் சொல் ஆங்கில அகராதிக்குப் போனது, கட்டிய கைக்கு ஒரு பைசா வரவில்லை. கரகோரம் விஷயத்திலும் பெயர் மட்டுமே போனால் போதுமா?

போன வாரம் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அப்பா தறி நெய்பவர். போனில் வீடியோவைப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் சேக்கிற எடம் உறுதியா நிக்குதாப்பா?" என்று மட்டும் கேட்டார். அவர் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் தனித்தனி ஊடையில் ஓடி, ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அந்த இடம் விட்டுப்போனால் பட்டு எவ்வளவு உசத்தியாக இருந்தும் பிரயோஜனமில்லை.

"நிக்குதுப்பா" என்றேன்.

"அதைச் செய்றவன்தான் மொதலாளி. பலகை யாரு வேணா அறுப்பான்" என்று சொல்லிவிட்டு மறுபடி தறிக்குழியில் இறங்கிவிட்டார். நான் ஆயிரம் வார்த்தையில் சொன்னதை அவர் ரெண்டே வரியில் முடித்துவிட்டார். ஆனால் கோர்வை போடத் தெரிந்த அவர் ஏன் இன்னும் முதலாளி ஆகவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பி.காம் முடிப்பதற்குள் அதற்கு ஒரு பதில் கண்டுபிடிக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.