அறிதுயிலுக்கும் ஆலயத்தில் இடம் வேண்டும்

திருவிழாக் காலம் வந்துவிட்டால் ஆலயத்து மேளமும் ஒலிபெருக்கியும் ஊரையே எழுப்பிவிடும். ஆனால், வணங்க வரும் அன்பர்களுள் எத்தனை பேர் நிம்மதியாக உறங்கி எழுந்து வருகின்றனர் என்பதை ஆலய நிர்வாகங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஷா ஆலம் தொழிற்சாலைகளில் ஒரு வாரம் பகலிலும் மறுவாரம் இரவிலும் வேலை செய்வோர் பலர். உடல் களைத்தும் கண் மூடாமல் புரள்வதே அவர்தம் துன்பம். அவர்களுக்கு அரைமணி நேர ஓய்வை ஆலயம் வழங்குமாயின் அதுவும் இறைத்தொண்டே ஆகும்.

அவ்வோய்வுக்கு யோக நித்திரை என்று பெயர். பாற்கடலில் திருமால் கொண்ட அறிதுயிலைக் குறிக்கும் அதே சொல்தான். இன்று பரவியுள்ள முறையை வகுத்தவர், 1963இல் பீகாரின் முங்கேர் நகரில் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்தியானந்த சரஸ்வதி. (பூச்சோங் சாலையில் சுத்த சமாஜம் கண்ட சுவாமி சத்தியானந்தர் வேறு.) இவருடைய குருவோ நமக்கு அந்நியரல்லர், பத்தமடையில் பிறந்து, 1913 முதல் 1923 வரை சிரம்பானிலும் ஜொகூரிலும் மருத்துவராகத் தொண்டாற்றிய சுவாமி சிவானந்தர்.

ரிஷிகேசத்தில் குருவிடம் இருந்த நாளில், ஒரு சமஸ்கிருதப் பாடசாலையின் இரவுக் காவல் சத்தியானந்தரின் பொறுப்பாக இருந்தது. இரவெல்லாம் விழித்திருந்து, விடியும் முன் அயர்ந்து உறங்கிவிடுவார். அவ்வேளையில் மாணவர் ஓதிய மந்திரங்களைப் பின்னொரு நாள் கேட்டபோது, முன்பே அறிந்தவைபோல் தோன்றின என்று அவரே எழுதியுள்ளார். ஓர் இரவுக் காவலரின் களைப்பிலிருந்தே இக்கலை முளைத்தது எனலாம்.

பூசைக்கு முன் குருக்கள் மந்திரம் சொல்லித் தம் விரல்களையும் அங்கங்களையும் தொடுவதைக் காண்கிறோம். அந்த நியாசத்தையே அவர் எளிமையாக்கினார். பயில்வோர் சவாசனத்தில் அசையாது படுப்பர். மனத்தில் ஒரு சங்கற்பம் கொள்வர். வழிநடத்துபவர் வலக்கைப் பெருவிரல் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிச் செல்ல, கவனம் மட்டும் உடன் செல்லும். ஓரிடத்திலும் தங்காமல் நகர்வதால், மனத்திற்குக் கவலையைப் பற்றிக்கொள்ள நேரமில்லை. பிறகு மூச்சை எண்ணுவர். மூச்சு தணிய, நெஞ்சின் படபடப்பும் அடங்கும்.

அரைமணி நேரப் பயிற்சி பல மணி நேர உறக்கத்திற்கு ஈடு என்று சிலர் பேசுவதுண்டு. அதை நம்பி உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு லோரி ஓட்டப் புறப்படுவது ஆபத்து. இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் மாத்திரையையும் நிறுத்தலாகாது.

ஆலயத்தில் படுப்பதா என்று சில நிர்வாகத்தினர் முகம் சுளிக்கக்கூடும். மூலவர் சந்நிதியில் எவரும் பாய் விரிக்கச் சொல்லவில்லை. திருமண நாள் தவிர மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தை வாரம் ஒரு மாலை திறந்துவிட்டால் போதும், முறையாகப் பயின்ற ஒருவர் எளிய தமிழில் வழிநடத்த வேண்டும், ஒலிபெருக்கி அதுவரை ஓய்ந்திருக்க வேண்டும் (இதுதான் கடினம்!). படுக்க இயலாத முதியோர் நாற்காலியில் சாய்ந்திருக்கலாம். இடையில் குறட்டை விட்டவரை நகையாடாமல், மெல்லப் பெயர் சொல்லி எழுப்புக. அவர் இரவு வேலைக்குப் பேருந்து ஏற வேண்டியவராக இருக்கலாம்.