அறத்தின் பெயரால் அரசியல் நிதி!



ஓர் அநாதை இல்லத்திற்கு நீங்கள் ஆயிரம் ரூபாய் நன்கொடை தருகிறீர்கள். பழைய வருமான வரித் திட்டத்தின்படி, பெரும்பாலும் அதில் பாதித் தொகைக்குத்தான் வரிக்கழிவு கிடைக்கும். அதே ஆயிரத்தை ஓர் அரசியல் கட்சிக்குக் காசோலையாகத் தந்தால் முழுத் தொகைக்கும் கழிவு உண்டு! பசித்த பிள்ளைக்குப் பாதி. பிரச்சார மேடைக்கு முழுமை. இது என்ன நியாயம்?

இன்னும் கேளுங்கள். நற்பணிக்கென வரிவிலக்கு பெற்ற அமைப்பு கட்சிக்குப் பணம் தந்தால் அது அறச்செலவாகாது. இந்த விதி சரியானதே. ஆனால், கட்சிகளுக்குப் பணம் வழங்குவதற்காகவே, இலாப நோக்கற்றவை என்ற பெயரில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் இந்நாட்டில் உள்ளன. அவற்றின் பெயர் 'தேர்தல் அறக்கட்டளை'!

1996-இல் டாட்டா குழுமம் தொடங்கி வைத்த இந்த முறைக்கு, 2013-இல் மத்திய அரசு தனித் திட்டமே வகுத்தது. நிறுவனங்கள் தரும் பணத்தில் 95 விழுக்காட்டை அந்த ஆண்டிலேயே கட்சிகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். 2023-24-இல் புரூடண்ட் என்ற ஒரே அறக்கட்டளை பாரதீய ஜனதாவுக்கு 723 கோடி ரூபாயும், காங்கிரசுக்கு 156 கோடி ரூபாயும் வழங்கியது.

ரொக்கம் வாங்கக் கூடாது, கொடுத்தவர் பட்டியலைத் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தவர் ஒரு பட்டியலில், வாங்கியவர் மறு பட்டியலில்! எந்த முதலாளியின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பதை அந்த அறிக்கை சொல்வதில்லை. அதுவும் நிதியாண்டு முடிந்து பல மாதங்கள் கழித்தே வெளிவருகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் நாம் வாக்களித்தபோது இந்தக் கணக்கு நம் கண்ணில் படவே இல்லை.

வரிக்கழிவுச் சான்று பெற்ற அநாதை இல்லம், 2021-22 முதல் நன்கொடையாளர் விவரத்தை ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குத் தந்தாக வேண்டும். கட்சிகளோ 20,000 ரூபாய் வரை கொடுத்தவரின் பெயரைச் சொல்லவே வேண்டியதில்லை. அரிசி மூட்டைக்குக் கணக்கு. ஆட்சியைப் பிடிக்கும் பணத்திற்குச் சலுகையா?

2018-இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 15.2.2024 அன்று ஒருமித்து ரத்து செய்தனர். கட்சிக்கு யார் பணம் தருகிறார் என்பதை அறிவது வாக்காளரின் உரிமை என்றனர். அந்த நீதி தேர்தல் அறக்கட்டளைக்கும் பொருந்த வேண்டாமா?

எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குச் சென்றது என்பதை வெளியிட வேண்டும். அதை வாக்குப்பதிவுக்கு முன்பே வெளியிட வேண்டும். இவ்விரண்டும் சட்டமாக வேண்டும்.

வாசகர்களே! வரிவிலக்கு என்பது அரசு விட்டுக்கொடுக்கும் பொதுப்பணம். அது உங்கள் பணம். வாக்குக் கேட்டு வருகிற வேட்பாளர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், இந்தக் கணக்கைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை; பதில் சொல்வது அவர் கடமை!