வீட்டு ஆழ்துளைக் கிணறுகளின் ஆழம் குறித்து எங்கள் நிலைப்பாடு

கோவையில் வீட்டுக்குப் போர் போடுவோர், பக்கத்து மனையில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேட்டே ஆழத்தை முடிவுசெய்கிறார்கள். அங்கே 800 அடி என்றால் இங்கே 1,000. இந்த வழக்கம் நிற்க வேண்டும். துளையிடும்போது தெரியவரும் பாறை விவரம் ஒவ்வொன்றும் பதிவாகி, எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

கொங்குப் பகுதியின் பெரும்பகுதி நைஸ், சார்னோகைட் போன்ற மிகப் பழைய கடினப் பாறை. மணற்பாறை தேக்குவதைப் போல இது தன்னுள் நீரைத் தேக்காது. மேலே சிதைந்து இளகிய அடுக்கிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். வெடிப்பு போகும் திசை தப்பினால், இருபதடி தள்ளிப் போட்ட துளையில் வெறும் புகைதான் வரும். ஆழம் கூடக்கூட, மேலுள்ள பாறையின் பாரத்தால் வெடிப்புகள் பொதுவாகக் குறைந்து இறுகுகின்றன. 1,000 அடியில் கிடைக்கும் நீரும் மேலிருந்து வெடிப்பு வழியே மெல்ல இறங்கியதுதான். அதை மோட்டார் வைத்து இடைவிடாமல் இறைக்கும்போது, அதே வெடிப்போடு தொடர்புள்ள திறந்த கிணறுகளில் நீர்மட்டம் இறங்குகிறது. மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புப் பாறையும் உண்டு. அதனால் மாவட்டம் முழுமைக்கும் ஒரே ஆழ வரம்பை நாங்கள் கேட்கவில்லை.

ஆயிரம் அடியில் தண்ணீர் கிடைத்தவர்கள் இருக்கிறார்களே என்பார்கள். உண்மை. ஆனால் கிடைத்த போரைப் பற்றித்தான் ஊர் பேசுகிறது. பொய்த்த துளைகள் கணக்கில் வராமலே மூடப்படுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஆழத்தின் பலனை யாரும் சொல்ல முடியாது. சிறுவாணி, பில்லூர் அணைகளின் குடிநீர் போதாத புறநகரில் வேறு வழி என்ன என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அங்கே போரே கூடாது என்று சொல்வது அநியாயம். மனைக்கு ஒன்றாக அல்லாமல், நிலத்தின் மின்தடையை அளந்து நீர் தேடும் ஆய்வு செய்து தெருவுக்கோ குடியிருப்புக்கோ பொதுவாக ஒன்று போடலாம். 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு பெயரளவில் நிற்காமல் அந்த இளகிய அடுக்கை நிரப்ப வேண்டும்.

பதிவு வைப்பது ரிக் உரிமையாளர்களுக்குக் கூடுதல் சுமை என்பதையும் ஏற்க முடியவில்லை. எத்தனை ராடு இறங்கியது, கேசிங் எங்கே நின்றது, எந்த அடியில் தூள் ஈரமானது என்பதெல்லாம் துளையிடுபவருக்கு அப்போதே தெரியும், எழுதினால் போதும். 2003-இல் இயற்றப்பட்ட மாநில நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-இல் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாகப் புதிய சட்டம் கொண்டுவந்து, இந்தப் பதிவைக் கட்டாயமாக்கி, ஊராட்சி வாரியாக வெளியிடுமாறு தமிழ்நாடு அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.