சிடிஐ போச்சா, ஸ்விட்ச் போச்சா?

போன மாசம் பழவேற்காட்டுல பெரியப்பாவோட அவுட்போர்ட் எஞ்சின் ஸ்டார்ட் ஆகல. பிளக்கைக் கழற்றி எஞ்சின் பாடியில வச்சு கயிறு இழுத்தா, ஸ்பார்க் இல்லை. "சிடிஐ போச்சு, மாத்தணும்"னார் ஒரு மெக்கானிக். செலவு ஆயிரக்கணக்கில், அதுவரை தொழிலும் இல்லை.

பக்கத்துப் படகு அண்ணன் ஸ்டாப் ஸ்விட்ச் ஒயரை மட்டும் கழற்றிட்டு மறுபடி இழுத்தார். பளிச்சுனு ஸ்பார்க்! அந்த ஸ்விட்ச் இக்னிஷனை எர்த் பண்ணித்தான் எஞ்சினை நிறுத்துது. உள்ளே உப்புத்தண்ணி அரிச்சா, யாரும் அமுக்காமலே எர்த் ஆகிடும். நாலாவது வருஷம் டிரிபிள் ஈ படிக்கிற நான் அப்போ மல்டிமீட்டர் தேடிக்கிட்டு இருந்தேன்.

நம்ம லேப்ல எல்லா சர்க்யூட்டும் நல்லாத்தான் இருக்கும். கெட்டுப்போன ஒண்ணைக் கொடுத்து "எங்க கோளாறுன்னு கண்டுபிடி"ன்னு யாரும் சொன்னதே இல்லை. செமஸ்டருக்கு நாலு லேப் கிளாஸாவது அப்படி வைக்கணும்.

ஆனா அண்ணனோடயும் எனக்குச் சண்டை. "ஓடுதுல்ல, அப்படியே இருக்கட்டும் தம்பி"ன்னார். ஆள் தண்ணியில விழுந்தா எஞ்சினை நிறுத்துற கயிறும் அதே ஸ்விட்ச்லதான் மாட்டியிருக்கு. முகத்துவாரத்து அலையில அது இல்லாம எப்படி? புது ஸ்விட்ச் மாட்டின பிறகுதான் பெரியப்பாவைப் படகு தள்ள விட்டேன்.