அரிஸ்டோட்டிலுக்குக் காணி இல்லை

சென்ற தவணைப் பரீட்சையில் எங்களுக்கு வந்த வினா: பெரிக்கிளீசின் காலம் ஏதென்சின் பொற்காலம் எனப்படுவது ஏன்? விடை எங்கள் எல்லோருக்கும் பாடம். பார்த்தினன் கோயில், பிடியாசின் சிற்பங்கள், சோபொக்கிளீசின் நாடகங்கள், மக்கள் கூடி வாக்களித்த சபை. ஏழு பேரும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் எழுதினோம். ஆம், எங்கள் பாடசாலையில் உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பவர்கள் ஏழே பேர். அடுத்த வருடம் அதுவும் இருக்குமோ தெரியாது என்று பேச்சு அடிபடுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் பாடத்தை எடுத்த நாளிலிருந்து இரண்டு கேள்விகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒன்று, "இதைப் படிச்சி என்ன தொழில் எடுக்கப் போறாய்?" மற்றது பக்கத்து வீட்டு மாமி கேட்டது: "என்னத்துக்கு மகள் உனக்கு சிலை கும்பிட்டவங்கட கதை?"

முதல் கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. கலைப்பிரிவில் எந்தப் பாடத்தை எடுத்தாலும் அதே கேள்விதான் வரும். மாமியின் கேள்விக்கு மீலாத் மேடைகளிலும் தமிழ்த்தினப் போட்டிகளிலும் நாம் வழமையாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. பக்தாதில் கிரேக்க நூல்கள் அரபுக்கு மொழிபெயர்க்கப்பட்டன. அல்பாராபியை அரிஸ்டோட்டிலுக்கு அடுத்த "இரண்டாம் ஆசான்" என்றார்கள். இப்னு ருஷ்தின் விளக்கவுரைகள் லத்தீனுக்குப் போய் ஐரோப்பாவுக்கே அரிஸ்டோட்டிலைக் கற்றுக்கொடுத்தன. தொலமியின் வானியல் நூலை உலகம் இன்றும் 'அல்மஜெஸ்ட்' என்று அதன் அரபுப் பெயரிலேயே அழைக்கிறது. எல்லாம் உண்மை. அந்த மொழிபெயர்ப்பாளர்களில் தலைசிறந்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் அழகாக இருக்கும். மேடையில் அதை யாரும் சொல்வதில்லை. ஆனாலும் இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. நம்மவர்கள் தொட்டதால்தான் கிரேக்கத்துக்கு மதிப்பு என்பது போல அது ஒலிக்கிறது. பக்தாதில் அந்த நூல்களைத் தேடியவர்கள் அப்படி நினைத்திருந்தால் முதல் நூலையே தொட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு இந்தப் பாடம் வேறோர் இடத்தில்தான் பிடித்துக்கொண்டது. ஏதென்சில் வாழ்ந்தோரை டீச்சர் மூன்று வகையாகப் பிரித்துக் குறிப்புத் தந்தார்: குடிமக்கள், அடிமைகள், மெற்றிக்குகள். மூன்றாவதற்கு இரண்டே வரிகள். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள், வணிகமும் கைத்தொழிலும் செய்தவர்கள். அவ்வளவுதான். அந்தச் சொல்லின் கிரேக்க மூலம் 'மெற்றொய்க்கோஸ்'. மனையை மாற்றியவர் என்று பொருள். கொப்பியின் ஓரத்தில் அதன் தமிழை எழுதப் போனபோது பேனை நின்றுவிட்டது. இடம்பெயர்ந்தவர்.

என் உம்மாவும் வாப்பாவும் மன்னார் தீவைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறச் சொன்னபோது, மன்னார் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். உம்மா அப்போது எட்டு வயதுப் பிள்ளை. கற்பிட்டியிலும் புத்தளத்திலும் உள்ளவர்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தங்கள் வீடுகளையும் திறந்துவிட்டார்கள், சோறு சமைத்துப் போட்டார்கள். உம்மும்மா இன்றும் தொழுகைக்குப் பிறகு அந்த மக்களுக்காக துஆச் செய்யாமல் எழும்ப மாட்டார். பின்னர் கிடுகுக் கொட்டில், பின்னர் தகரம், பின்னர் கல்வீடு. நான் பிறந்தது புத்தளத்தில். மன்னாரை நான் பார்த்தது நான்கு தடவைகள், பெருநாள் விடுமுறையில். ஆனாலும் எங்கள் தெருவுக்கு இன்னும் 'அகதி காம்ப்' என்றுதான் பெயர். முகாம் எடுபட்டு எத்தனையோ வருடங்களாகிவிட்டன, பெயர் எடுபடவில்லை. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் படிவமொன்றை நிரப்பிக் கொடுத்தபோது அங்கிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க புத்தளமா, மன்னாரா?" என்று கேட்டார். புத்தளம் என்றேன். "சொந்த ஊரைக் கேட்டேன்" என்றார். மன்னாருக்குப் போனால் அங்குள்ள பிள்ளைகள் எங்களைப் 'புத்தளத்து ஆக்கள்' என்பார்கள்.

இனி ஏதென்சுக்கு வருகிறேன். அங்கே மெற்றிக் ஆண் ஒருவர் வருடத்துக்கு 12 திரக்மா வரி கட்ட வேண்டும். தனித்து வாழும் மெற்றிக் பெண்ணுக்கு 6. தேர்ந்த தொழிலாளியின் ஒருநாள் கூலி ஏறத்தாழ 1 திரக்மாவாக இருந்த காலம் அது. தொகை பெரிதல்ல. அதைக் கட்டாவிட்டால் அடிமையாக விற்கப்படலாம் என்பதுதான் பெரிது. தனக்குப் பொறுப்பாகக் குடிமகன் ஒருவரைக் காட்ட வேண்டும். போர் வந்தால் படையில் சேர வேண்டும். சபையில் வாக்கு இல்லை. விசேட அனுமதி இல்லாமல் காணியோ வீடோ வாங்க முடியாது. மூன்று தலைமுறை ஏதென்சிலேயே பிறந்து வளர்ந்தாலும் மெற்றிக் மெற்றிக்தான்.

அந்தப் பட்டியலில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பிளேட்டோவின் 'குடியரசு' முழுவதும் நீதி என்றால் என்ன என்ற உரையாடல். அது நடப்பதாகக் காட்டப்படுவது பிரேயுஸ் துறைமுகத்தில், கெபலோஸ் என்ற மெற்றிக்கின் குடும்பத்தாரின் வீட்டில். அவருடைய மகன் லைசியாஸ் கிரேக்க உரைநடையின் பெரும் பெயர்களில் ஒருவர், அவரும் மெற்றிக். எல்லாவற்றுக்கும் மேலாக அரிஸ்டோட்டில். அவர் வடக்கேயுள்ள ஸ்டாகிரா என்ற சிற்றூரில் பிறந்தவர். ஏதென்சுக்குப் படிக்க வந்தபோது அவருக்கு வயது 17. என் வயது. கி.மு. 335 இல் அவர் லைசியம் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். அந்நிலம் அவருக்குச் சொந்தமில்லை, சொந்தமாக வாங்கவும் முடியாது. அலெக்சாந்தர் இறந்த செய்தி கி.மு. 323 இல் வந்ததும் மாசிடோனியாவோடு தொடர்புள்ளவர் என்று அவர்மேல் சந்தேகம் திரும்பியது, ஊரைவிட்டுப் போனார், அடுத்த வருடமே கல்கிஸ் நகரில் இறந்தார். அரசியலைப் பற்றி உலகத்துக்கே பாடம் எழுதியவருக்கு, தான் வாழ்ந்த நகரத்தில் ஒரு வாக்கு இருக்கவில்லை.

பெரிக்கிளீசின் பொற்காலத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. கி.மு. 451 இல் தாய், தகப்பன் இருவரும் ஏதென்சியராக இருந்தால் மட்டுமே பிள்ளை குடிமகன் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். அதற்கு முன்பு தகப்பன் மட்டும் போதும். பிறகு நடந்ததைப் பாருங்கள். மிலேட்டஸ் நகரத்திலிருந்து வந்த அஸ்பேசியா என்ற பெண்ணோடு அவர் வாழ்ந்தார்; ஒரு மகன் பிறந்தான்; சட்டப்படி அவன் குடிமகன் இல்லை. போர்க்காலத்தில் நகரத்துக்குள் கொள்ளைநோய் புகுந்து, முதல் மனைவிக்குப் பிறந்த இரண்டு ஆண்மக்களும் இறந்துபோனார்கள். அப்போது பெரிக்கிளீஸ், தானே கொண்டுவந்த சட்டத்திலிருந்து தன் மகனுக்கு விலக்குத் தரும்படி மக்களிடம் கெஞ்சிக் கேட்டார். இரக்கப்பட்டுக் கொடுத்தார்கள். இதை வாசித்தபோது எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தகப்பன் பெரிக்கிளீசாக இல்லாத பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்டிருப்பார்கள்?

பரீட்சை விடையின் கடைசிப் பந்தியில் இதையெல்லாம் எழுதினேன். புள்ளித் திட்டத்தில் அதற்கு இடமில்லை, புள்ளி கிடைக்கவில்லை. டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் கடந்தகால வினாத்தாள்களுக்கு எங்களைத் தயார்படுத்த வேண்டியவர்தானே. ஆனால் கிரேக்கத்தை வெறும் தூண்களும் தத்துவஞானிகளுமாகக் காட்டுவதால்தான் மாணவிகளுக்கு அது யாருடையதோ கதை போலத் தெரிகிறது என்பது என் எண்ணம். பொற்காலம் என்று எழுதும் கையோடு, யாருக்குப் பொன் என்றும் கேட்க விட்டால் இந்த வகுப்பில் ஏழு பேர் மட்டும் இருக்க மாட்டோம். வாக்கில்லாதவர்கள் மெற்றிக்குகளும் அடிமைகளும் மட்டுமல்ல. ஏதென்சில் பிறந்த பெண்களுக்கும் வாக்கில்லை. மகளிர் கல்லூரியில் இதைப் பேசாவிட்டால் வேறு எங்கே பேசுவது?

இன்னொன்று. கிரேக்கம் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது என்று நினைக்கிறோம். அலெக்சாந்தரின் கடற்படையோடு வந்த ஒனெசிக்ரிட்டஸ் நம் தீவை 'தப்ரபேன்' என்று எழுதிவைத்தார். தம்பபண்ணி என்ற பெயரின் கிரேக்க உச்சரிப்புத்தான் அது. உரோமரான பிளினி எழுதிய கதை அதைவிட அருமை. கிளாடியஸ் மன்னன் காலத்தில், அன்னியஸ் புளோகாமஸ் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவர் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் வரும்போது காற்று அடித்துக்கொண்டு போய், 15 ஆம் நாள் தப்ரபேனில் 'ஹிப்புரோஸ்' என்ற துறைமுகத்தில் சேர்த்தது. ஹிப்புரோஸ் கிரேக்கச் சொல். குதிரையைக் குறிக்கும் பெயர். அது நம் வில்பத்துக் கரையிலுள்ள குதிரைமலைதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அரசன் அவரை உபசரித்தான். ஆறு மாதத்தில் அவர் இந்த ஊர் மொழியைப் பேசக் கற்றுக்கொண்டார். அவரிடமிருந்த உரோம நாணயங்களில் தலைகள் வேறுவேறாக இருந்தும் எடை ஒன்றாக இருந்ததைப் பார்த்து, நேர்மையான நாடு போலும் என்று அரசன் நான்கு தூதுவர்களை உரோமுக்கு அனுப்பினானாம். 1344 இல் இப்னு பதூதாவையும் காற்றுத்தான் புத்தளக் கரையில் கொண்டுவந்து சேர்த்தது. இந்தக் கரைக்கு இது பழக்கம் போலும்.

மன்னாரிலிருந்து கற்பிட்டிக்கு வரும் கடல்வழியும் குதிரைமலையைத் தாண்டித்தான் வருகிறது. உம்மும்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு அந்த மலையைக் கண்டீர்களா என்று. "மலையையா பார்த்தம்? மாமா கைக்குழந்தை, அவன் அழாம இருந்தாப் போதும் எண்டு இருந்தது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கப்பல்காரனுக்கு ஆர் சோறு குடுத்த?" என்று கேட்டார். அரசன் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

என் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் 'இலங்கைச் சோனகர்' என்று இருக்கிறது. உங்களில் பலருடையதிலும் அப்படித்தான். சோனகர் என்ற சொல் யவனர் என்பதிலிருந்து வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கூறுகிறார்கள். யவனர் என்று நம் முன்னோர் முதலில் அழைத்தது கிரேக்கர்களை. பிறகு மேற்கே இருந்து கடல்வழி வந்த எல்லோருக்கும் அந்தப் பெயர் ஆகி, அரபிகளுக்கும் ஆகி, கடைசியில் எங்களிடம் வந்து தங்கிவிட்டது. அதற்காக நாங்கள் கிரேக்கர் ஆகிவிட மாட்டோம். மாமியிடம் இதைச் சொன்னேன். "அப்ப நீயும் கிரேக்கமா?" என்று சிரித்தார். ஆனால் அதன் பிறகு சிலை கும்பிட்டவர்களின் கதை என்று அவர் சொல்லவில்லை. சென்ற வாரம் அரிஸ்டோட்டில் கடைசியில் என்ன ஆனார் என்று அவராகவே கேட்டார்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யக் காத்திருக்கும் தங்கைமாரே, இந்தப் பாடத்துக்குத் தமிழில் நூல்கள் குறைவு என்பது உண்மை. நானும் அதில் கஷ்டப்பட்டேன். என்னிடம் ஐந்து குறிப்புக் கொப்பிகள் இருக்கின்றன. ஓரங்களில் கிறுக்கல் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். பரீட்சை முடிந்ததும் அவற்றை நூலகப் பொறுப்பாசிரியையிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். மெற்றிக்குகள் பற்றியது மூன்றாவது கொப்பி.