வீடு மாறினால் சிம்மும் மாற வேண்டுமா? காட்டாங்குளத்தூருக்குப் புதிதாக வருபவர்கள் கவனிக்க வேண்டியவை

காட்டாங்குளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி பக்கம் வாடகைக்கு வீடு தேடுபவர்கள் புரோக்கரிடம் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். அட்வான்ஸ் எத்தனை மாதம்? போர் தண்ணியா, லாரி தண்ணியா? ஸ்டேஷனுக்கு நடந்து போகலாமா? ‘வீட்டுக்குள்ள டவர் கெடைக்குமா?’ என்று கேட்பவர்கள் குறைவு. வாடகை அனுப்புவது, வங்கி ஓடிபி, அலுவலக மீட்டிங், ஊரில் இருக்கும் பெற்றோரின் போன் என எல்லாமே அந்த டவரை நம்பித்தான் ஓடுகிறது. குடியேறிய இரண்டாம் நாளே மொட்டை மாடிக்கு ஓடி ‘ஹலோ, கேக்குதா?’ என்று கத்தும்போதுதான் இந்தக் கேள்வியை விட்டது உறைக்கிறது.

அப்போது பலரும் செய்வது, பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு அவசரமாக வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்வது. அதுவும் சரிப்படவில்லை என்றால் 90 நாள் காத்திருக்க வேண்டும். எனவே புது ஊரில் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுப்பதை ரீசார்ஜ் விலைப் பட்டியலில் தொடங்குவது சரியாக வராது. வீட்டிலும் போகும் வழியிலும் சோதித்துப் பார்ப்பதில்தான் தொடங்க வேண்டும்.

முதலில், மாற்றியே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஒரு காலத்தில் சென்னைக்கு ஒரு தொலைத்தொடர்பு வட்டம், மற்ற தமிழகத்துக்கு இன்னொன்று என்று இருந்தது. 2005-ல் இரண்டும் ஒன்றாயின. இப்போது தமிழ்நாடு, சென்னை, புதுச்சேரி எல்லாம் ஒரே வட்டம். மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வருபவருக்கு எதுவுமே மாறுவதில்லை. விஜயவாடாவிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வருபவர் வேறு வட்டத்துக்கு வருகிறார். ஆனாலும் நாட்டுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் வசூலிப்பதை முக்கிய நிறுவனங்கள் எப்போதோ விட்டுவிட்டன. பழைய எண், பழைய பிளான் இரண்டும் இங்கேயும் அப்படியே ஓடும்.

நிறுவனத்தை மாற்றினாலும் எண் போகாது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் வந்தது. வட்டம் விட்டு வட்டம் மாறும்போதும் அதே எண்ணை வைத்துக்கொள்ளும் உரிமை 2015 ஜூலையில் கிடைத்தது. ஆகவே மாற்றுவதற்கு நியாயமான காரணம் ஒன்றுதான்: இருக்கும் சிம் புது இடத்தில் சரியாக வேலை செய்யவில்லை என்பது.

‘இங்க எது நல்லா எடுக்கும்?’

டீக்கடையில் இப்படிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். யாரும் பொய் சொல்வதில்லை. அவரவர் வீடு, அவரவர் மாடி, அவரவர் போன். ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்தாவது மாடியில் பறக்கும் நெட், தரைத்தளத்தின் உள்ளறையில் திணறலாம்.

இதற்குக் காரணம் அலைவரிசை. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும். சுவரைத் தாண்டி உள்ளேயும் வரும். 5ஜி-யின் வேகத்துக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை நிறைய டேட்டாவைச் சுமக்கும். கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது சோர்ந்துவிடும். வாசலில் 5ஜி, படுக்கையறையில் 4ஜி என்று போன் மாறி மாறிக் காட்டுவது இதனால்தான்.

அடுத்தது நெரிசல். பெரிய பல்கலைக்கழகம், அதைச் சுற்றி ஹாஸ்டல்கள், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஐ.டி. வளாகங்கள், பக்கத்திலேயே மறைமலை நகர் தொழிற்பேட்டை, இன்னும் தள்ளி மகிந்திரா வேர்ல்டு சிட்டி. குறுகிய வட்டாரத்துக்குள் ஆயிரக்கணக்கான போன்கள். இரவு பத்து மணிக்கு ஹாஸ்டல் முழுக்க வீடியோ ஓடும்போது திரையில் நான்கு கோடு சிக்னல் இருக்கும், பக்கம் மட்டும் திறக்காது. கோடு காட்டுவது சிக்னலின் வலு. டவரில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதை அது காட்டாது.

ஒரு வாரச் சோதனை

இன்று பெரும்பாலான போன்களில் இரண்டு சிம் போடலாம். சிலவற்றில் இரண்டாவதாக இ-சிம் வைக்கலாம். சோதிக்க நினைக்கும் நிறுவனத்தின் புது சிம் ஒன்றை, இருப்பதிலேயே மலிவான டேட்டா பிளானோடு வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பதுதான் பாதுகாப்பான வழி. பழைய எண்ணை அதுவரை தொட வேண்டாம். நண்பரின் ஹாட்ஸ்பாட்டில் சோதிப்பதும் உதவும், ஆனால் அழைப்பின் தரம் அதில் தெரியாது.

எங்கே, எப்போது சோதிப்பது?

- படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு, இரவு 9 முதல் 11 மணிக்குள். வீடியோ கால் ஒன்று, சாதாரண கால் ஒன்று.
- லிஃப்ட் பக்கம், மாடிப்படி, பைக் நிறுத்தும் இடம். டெலிவரி ஆளும் கேப் டிரைவரும் கூப்பிடுவது இங்கெல்லாம் நிற்கும்போதுதான்.
- காலை மின்சார ரயிலில் பொத்தேரியிலிருந்து தாம்பரம் வரை. கால் எங்கே அறுகிறது என்று குறித்துக்கொள்ளலாம். கேளம்பாக்கம் வழியாக ஓ.எம்.ஆர். போகிறவர்கள் அந்தச் சாலையில் சோதிக்க வேண்டும்.
- அலுவலகத்தில், தினமும் உட்காரும் இருக்கையில்.
- வழக்கமாகப் போகும் மளிகைக் கடையில். யுபிஐ-யில் பத்து ரூபாய் அனுப்பிப் பார்த்தாலே போதும்.

ஐந்தில் நான்கு இடத்தில் தேறினால் அது நல்ல நெட்வொர்க். தோற்கும் அந்த ஓர் இடம் வீடாக இருந்தால், போர்ட் செய்வதற்கு முன் வைஃபை காலிங் வசதியை ஆன் செய்து பார்க்கலாம். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் அதன் வழியாகவே சாதாரண அழைப்புகள் போகும், வரும். இந்த வசதி உள்ள போனிலும் நெட்வொர்க்கிலும் செட்டிங்ஸில் ஒரு பட்டனைத் தட்டினால் முடிந்தது. இதற்காகவே நிறுவனம் மாறுகிறவர்கள் நிறைய பேர்.

போர்ட் செய்வதற்கு முன்

முடிவு செய்தாகிவிட்டது என்றால் வழிமுறை எளிது. ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். தகுதி இருந்தால் ஒரு குறியீட்டு எண் வரும். தமிழகத்தில் அது 4 நாள் செல்லும். அதற்குள் புது நிறுவனத்தின் கடையில் கேஒய்சி முடித்து சிம் வாங்க வேண்டும். ஒரே வட்டத்துக்குள் என்றால் 3 வேலை நாள், வேறு வட்டத்திலிருந்து என்றால் 5 வேலை நாளில் எண் மாறும். 2019 டிசம்பர் 16-ல் நடைமுறைக்கு வந்த விதிகள் இவை.

பலரும் கோட்டைவிடும் இடங்கள் நான்கு.

முதலாவது, பாக்கி. பழைய ப்ரீபெய்டு சிம்மில் மிச்சம் இருக்கும் பணமோ வேலிடிட்டியோ புது நிறுவனத்துக்கு வராது. ஊர் மாறப் போவது தெரிந்தும் ‘வருஷ பிளான் லாபம்’ என்று 365 நாளுக்கு ரீசார்ஜ் செய்பவர் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறார். குடியேறும் வரை மாத பிளான்தான் புத்திசாலித்தனம். போஸ்ட்பெய்டு என்றால் நிலுவைத் தொகையைக் கட்டினால்தான் குறியீடு வரும்.

இரண்டாவது, 7 நாள். சிம் தொலைந்தோ பழுதாகியோ அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கியிருந்தால், அடுத்த 7 நாளுக்கு போர்ட் குறியீடு கிடைக்காது. சிம் மோசடியைத் தடுக்க 2024 ஜூலை 1 முதல் உள்ள விதி இது.

மூன்றாவது, நேரம். எண் மாறும் நாளில் சில மணி நேரம் சேவை இருக்காது. ஓடிபி வராது. கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாள், வாடகை அனுப்பும் நாள், இன்டர்வியூ நாள் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது.

நான்காவது, சோதனைக்கு வாங்கிய சிம். வேண்டாம் என்றால் முறைப்படி ரத்து செய்துவிட வேண்டும். தமிழகத்தில் ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இணைப்புகள்தான் இருக்கலாம். யார் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

இரண்டு சிம், இரண்டு நிறுவனம்

ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதன் ஆபத்தைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. கோவையில் சேவையைத் தொடங்கி மாநிலத்தின் செல்லப் பிள்ளையாக வளர்ந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் படுத்தது. டவர்கள் வரிசையாக அணைந்தன. போர்ட் செய்ய எஸ்எம்எஸ் அனுப்பக்கூட சிக்னல் இல்லாமல் மக்கள் கடைகளின் முன் குவிந்தார்கள். அந்த மாதக் கடைசியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது.

நிறுவனம் மூடித்தான் ஆக வேண்டும் என்றில்லை, மழையே போதும். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் புறநகரிலும் மின்சாரத்தோடு செல்போன் சேவையும் முடங்கியது. தாம்பரத்துக்குத் தெற்கே ஏரிகளுக்கு நடுவே குடியிருப்பவர்களுக்கு இது வருடாவருடம் வரும் கவலை. இரண்டாவது சிம் வைப்பதென்றால் வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். வங்கி எண்ணை அடிக்கடி ஆட்டாமல் ஒரு சிம்மிலேயே வைத்து, டேட்டாவை மட்டும் இன்னொன்றில் ஓட்டுவது பலருக்கும் ஒத்துவரும். இரண்டாவது எண்ணில் அழைப்பு மட்டும் போதும் என்பவர்கள், டேட்டா இல்லாத குரல், எஸ்எம்எஸ் பிளான்களைக் கேட்டு வாங்கலாம். அப்படிப்பட்ட பிளான்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது.

உரிமை இருக்கிறது, தகவல் எங்கே?

எந்தத் தொழில்நுட்பம் எங்கே கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று டிராய் 2024-ல் விதி செய்தது. நல்ல தொடக்கம். வீடு பார்க்கப் போகும் முன் அந்த வரைபடத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் வர வேண்டும். ஆனால் தெரு முழுக்க ஒரே வண்ணம் பூசிய வரைபடம், வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்வதில்லை.

சேவை முடங்கினால் இழப்பீடு தரும் விதியும் இருக்கிறது. ஆனால் அது மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால்தான். செங்கல்பட்டு மாவட்டம் தாம்பரத்திலிருந்து மதுராந்தகம் தாண்டிப் போகிறது. ஒரு தெருவில் ஒரு மாதம் டவர் இல்லாமல் தவிப்பவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

எனவே 90 நாள் விதியை மறுபரிசீலனை செய்ய வேண்டும். சலுகைக்காக மாதம் ஒரு நிறுவனம் தாவுவதைத் தடுக்க ஒரு காலவரம்பு தேவை என்ற நிறுவனங்களின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் போர்ட் செய்து வந்த சில நாளிலேயே ‘வீட்டில் சிக்னல் இல்லை’ என்று 198-ல் புகார் பதிவு செய்து, குறித்த நாளுக்குள் நிறுவனம் அதைச் சரிசெய்யாவிட்டால், அந்த வாடிக்கையாளருக்கு மட்டும் பூட்டைத் திறந்துவிடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்? நல்ல சேவை தரும் நிறுவனம் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

எண்ணை எடுத்துக்கொண்டு எங்கும் போகலாம் என்ற உரிமை வந்தபோது ஏர்செல், ரிலையன்ஸ், டாடா டோகோமோ, வோடஃபோன், ஏர்டெல், பிஎஸ்என்எல் என்று நீண்ட வரிசை இருந்தது. இன்று ஜியோ, ஏர்டெல், வி என மூன்று தனியார் நிறுவனங்களும், 2025 செப்டம்பரில் உள்நாட்டு 4ஜி-யை நாடு தழுவித் தொடங்கிய பிஎஸ்என்எல்லும்தான் மிச்சம். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் சில நாள் இடைவெளிக்குள் கட்டணத்தை ஏற்றியபோது, வாடிக்கையாளருக்குப் போக்கிடம் எவ்வளவு குறைவு என்பது தெரிந்தது. தேர்வு செய்ய ஆட்கள் குறையக் குறைய, தேர்வுக்கான தகவல் கூட வேண்டும். தவறான தேர்விலிருந்து வெளியேறும் வழி எளிதாக வேண்டும். இரண்டையும் செய்யும் அதிகாரம் டிராய் கையில் இருக்கிறது. அதுவரை, புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் உள்ளறையில் நின்று ஒரு கால் போட்டுப் பார்ப்பது செலவில்லாத முன்னெச்சரிக்கை.